மலர்க்கொடி நிறுத்திய மருந்து

குன்னம் பக்கத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறி விளையும் கரிசல் காட்டுக்கு நடுவே மலர்க்கொடியின் கோழிப்பண்ணை இருக்கிறது. கிழக்கு மேற்காக நீண்ட ஒற்றை ஷெட். கறிக்கோழி வளர்ப்பு. கம்பெனிக்காரர்கள் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கொண்டுவந்து இறக்குவார்கள். இடமும் தண்ணீரும் உழைப்பும் மலர்க்கொடியுடையது. கோழி வளர்ந்ததும் கம்பெனியே வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போய்விடும். எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி வரும். அந்தப் பக்கத்தில் பல பேர் இப்படித்தான் வளர்க்கிறார்கள்.

மலர்க்கொடி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். குரல் கொஞ்சம் கரகரப்பு. ஷெட்டுக்குள் நுழைந்ததும் உடனே நடக்கமாட்டார். வாசலில் நின்று காது கொடுப்பார். குஞ்சுகள் ஒரே சீராகச் சத்தம் போட்டால் நல்லது. கீச்சுக் கீச்சென்று உயர்ந்து கேட்டால் குளிர். சத்தமே அடங்கிக் கிடந்தால் ஏதோ சரியில்லை. "பாக்குறதுக்கு முன்னாடி கேட்டுடணும். உள்ள போயிட்டா நம்மள பாத்து எல்லாம் சத்தம் போட ஆரம்பிச்சுடும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அவருடைய கணவர் வெள்ளைச்சாமி ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டில் வெள்ளைச்சாமியின் தம்பி குடும்பம். தம்பி மனைவி கண்ணகி வாரத்தில் பாதி நாள் ஷெட்டில் வந்து மலர்க்கொடிக்குத் துணையாக நிற்பார்.

கம்பெனி கொடுக்கும் மருந்துகளில் இரண்டின் பெயரை மலர்க்கொடி நன்றாக அறிவார். ஒன்று பேசிட்ராசின். அது தீவனத்தோடு கலந்தே வரும். சில சமயம் தனியாகவும் வரும். குடல் புண்ணாகி, கோழி எச்சம் செங்கல் நிறத்தில் குழகுழவென்று போனால் அதற்குக் கேட்கும். இன்னொன்று கொலிஸ்டின். அது தண்ணீரில் கலக்கிற பொடி. குஞ்சு இறங்கிய முதல் வாரத்தில் தொப்புள் வீங்கினாலும், பிறகு நீர்க்கழிச்சல் வந்தாலும் அதைத்தான் கலக்கச் சொல்வார்கள். நோய் வராவிட்டாலும் முன்னெச்சரிக்கை என்று கலந்து விடுவதும் உண்டு. குடல் புண்ணுக்குக் கொலிஸ்டின் கலந்து பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. நீர்க்கழிச்சலுக்குப் பேசிட்ராசின் பார்த்திருக்கிறார், அதுவும் கேட்கவில்லை. ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்று தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு கொலிஸ்டின் என்று அச்சடித்த டப்பா வருவது நின்றது. அதற்குப் பதிலாகப் பெயரே ஒட்டாத வெள்ளை டப்பா வந்தது. கம்பெனி சூப்பர்வைசர் பிரேம் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போவான். முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல பிள்ளை. மலர்க்கொடியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"இது என்ன மருந்துப்பா? பேரையே காணோம்?"

"பழைய மருந்துதாங்க்கா. பேருதான் போடக்கூடாதுன்னுட்டாங்க. அதே அளவு கலந்துக்குங்க."

அதே நிறம், அதே வாசனை. மலர்க்கொடி அதே அளவில் கலந்தார்.

வெள்ளைச்சாமிக்கு நீண்ட நாளாகச் சிறுநீரகக் கல். வெயிலில் குவாரிக்கும் ஆலைக்கும் வண்டி ஓட்டுகிறவர். நடுவில் இறங்கவேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகியவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் வைகாசியில் வலி தாங்காமல் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கல்லை எடுத்து, சிறுநீர் இறங்குவதற்கு உள்ளே சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் சில நாள் நன்றாகத்தான் இருந்தார். ஒரு காலையில் குளிர்கிறது என்று போர்வை கேட்டார். வெளியே அக்னி வெயில். பல் கிட்டி நடுங்க ஆரம்பித்துவிட்டது. தம்பி காரை எடுத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு குழறிவிட்டது.

நேராக ஐ.சி.யூ. இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். இரத்த அழுத்தம் இறங்கியது. ஒரு மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் அசையவில்லை. அடுத்த நாள் அதைவிட வீரியமான வேறொன்று. அதற்கும் அசையவில்லை. மலர்க்கொடி ஐ.சி.யூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது கொடுத்துக் கேட்டாலும் உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வராத கண்ணாடிக் கதவு அது.

கிருமியை வளர்த்துப் பார்த்த ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் நந்தினி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நந்தினி அரியலூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"அம்மா, உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் உடம்புல இருக்குற கிருமிக்கு எந்த மருந்து கேக்கும், எது கேக்காதுன்னு டெஸ்ட் பண்ணுனோம். நாங்க வழக்கமா குடுக்குற எதுவுமே கேக்கல. பெரிய மருந்துன்னு வச்சிருக்கறதும் கேக்கல."

நந்தினி ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"கடைசியா ஒண்ணு இருக்கு. பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு டாக்டருங்க ரொம்ப நாள் தொடாம வச்சிருந்தது. இப்ப வேற வழியில்லாதப்ப எடுக்குறோம். அவருக்கு ஏற்கெனவே கல்லுனால சிறுநீரகம் கொஞ்சம் பாதிச்சிருக்கு. அதனால ஆபத்து இருக்கு. குடுக்கலன்னா அதைவிடப் பெரிய ஆபத்து. நீங்க சம்மதிக்கணும்."

"என்ன மருந்துங்க டாக்டரம்மா?"

"கொலிஸ்டின்னு பேரு."

மலர்க்கொடி முதலில் தவறாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். டாக்டர் சொன்னார்.

"அது கோழிக்குப் போடுறதுங்களே" என்றார் மலர்க்கொடி.

நந்தினி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல கோழிப்பண்ணை இருக்கா?"

"இருக்குங்க. தண்ணியில கலந்து விடுவோம். பொடியா வரும்."

"இப்பவுமா? 2019லயே அதைக் கோழிக்கும் மாட்டுக்கும் தரக்கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்களே."

"எங்களுக்கு யாரு சொன்னாங்க? டப்பாவுல பேரு இல்லாம வந்துச்சு. நாங்க கலந்தோம்."  பிறகு நேராகக் கேட்டார். "எங்க ஷெட்டுலேர்ந்துதான் இந்தக் கிருமி இவருக்கு வந்துச்சா?"

இந்தக் கேள்விக்கு நந்தினி சொன்ன பதிலை மலர்க்கொடி பலமுறை என்னிடம் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஆம் என்றோ இல்லை என்றோ டாக்டர் எளிதாகச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் அவர் சொல்லவில்லை.

"தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். குழாய் வச்ச இடத்துல, ஆஸ்பத்திரியிலயே கூட ஒட்டியிருக்கலாம். அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். மருந்துக்கு அசையாத கிருமி இன்னைக்கு எல்லா இடத்துலயும் இருக்கு. ஒரு ஆளுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கைகாட்டிச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஒரு மருந்தைப் பாத்துப் பழகுன கிருமி ஒரு நாளைக்கு அதுக்குப் பயப்படாம இருக்கக் கத்துக்கும். அது கோழி வயித்துல கத்துக்கிட்டாலும் சரி, மனுசன் வயித்துல கத்துக்கிட்டாலும் சரி."

"அப்ப இவருக்கு இருக்குற கிருமி கத்துக்கிட்டிருந்தா?"

"அதைத்தான் டெஸ்ட்டுக்குத் திருச்சிக்கு அனுப்பியிருக்கோம். இந்த மருந்துக்கு இங்க தட்டுல வச்சுப் பாக்குற டெஸ்ட் சரியா காட்டாது. வேற முறை வேணும். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

மலர்க்கொடி கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். 

மறுநாள் மத்தியானம் கண்ணகி போன் செய்தார். ஷெட்டில் அப்போது மூன்றாவது வாரத்துக் கோழிகள்.

"அக்கா, மாமாவுக்கு எப்படி இருக்கு?"

"மருந்து ஏறுது. இன்னும் கண்ணு தொறக்கல. நீ என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"உங்களுக்கு இருக்குற பாட்டுல இதைச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். கோழிங்க ஒடுங்கி ஒடுங்கி நிக்குதுக்கா. நீரா போவுது. காலையில செத்ததை அள்ளுனதே ஒரு கூடை. பிரேம் வந்துட்டுப் போச்சு. அந்த வெள்ளை டப்பாவைக் குடுத்து உடனே தொட்டியில கலக்கச் சொல்லுச்சு. கலந்துடட்டுமா?"

மலர்க்கொடி கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் அதே மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை இறக்கிய கோழிகள், அந்த பேட்ச், போனால் வளர்ப்புக்கூலி போகும். ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தால் கலந்துவிடு என்றுதான் யாரும் சொல்வார்கள். அவர் மனமும் ஒரு கணம் அதைத்தான் சொன்னது என்று ஒளிக்காமல் சொன்னார்.

"வேணாம். டப்பாவைத் தொறக்காத."

"செத்துடுங்க்கா எல்லாம்."

"தெரியுது. தொறக்காத."

"அப்ப அந்த இன்னொரு பொடி கொஞ்சம் கெடக்குதே, பேசிட்ராசின். அதையாச்சும் கலக்கட்டா?"

"அது இந்தக் கழிச்சலுக்குக் கேக்காது கண்ணகி. நாமதான் போட்டுப் பாத்தோமே. நீ குன்னத்துல கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தம்பியை அனுப்பு. டாக்டர் அரங்கநாதன் இருப்பாரு. செத்த கோழியில நாலை எடுத்துட்டுப் போயிக் காட்டச் சொல்லு."

அரங்கநாதன் அரசு கால்நடை மருத்துவர். ஓய்வுக்கு இன்னும் சில மாதம் இருந்தவர். கம்பெனிக் கோழிக்கு அரசு டாக்டரை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் அவரே ஆச்சரியப்பட்டுப் பண்ணைக்கு வந்துவிட்டார். கோழியை அறுத்துப் பார்த்தார். ஈரலின் மேல் பால் ஏடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. மாதிரி எடுத்து நாமக்கல்லில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பிறகு கோழிகள் கொத்திக் குடிக்கும் தண்ணீர்க்குழாயின் ஒரு முனையைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுக் கண்ணகியிடம் நீட்டினார். விரல் முழுக்க வழவழவென்று பாசி.

"வருசக்கணக்கா இதுல மருந்தும், குஞ்சு எறங்குனதும் குடுக்குற வெல்லத் தண்ணியும் விட்டிருக்கீங்க. அது குழாய்க்குள்ள படிஞ்சு கிருமி குடியிருக்கு. கழிச்சல் இங்கேர்ந்துதான் வருது. இதைக் கழுவாம எந்த மருந்து போட்டாலும் திரும்பத் திரும்ப வரும்."

குழாய் முழுவதையும் கழற்றிக் கழுவினார்கள். தொட்டியில் குளோரின் மாத்திரை போட்டார்கள். தரையில் ஈரமாகிக் கட்டிதட்டிக் கிடந்த உமியை வாரிக் கொட்டிப் புது உமி பரப்பினார்கள். பக்கவாட்டுப் படுதாவை இறக்கிக் காற்று விட்டார்கள். நாமக்கல்லிலிருந்து ரிப்போர்ட் வந்ததும் தடையில்லாத பழைய மருந்து ஒன்றை அளவு எழுதிக் கொடுத்தார் அரங்கநாதன். அதற்குள் கால்வாசிக்கு மேல் செத்துவிட்டது. செத்ததைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது கண்ணகியும் அவர் கணவரும். மலர்க்கொடி அங்கே இல்லை. அந்த வாரம் முழுக்க ஷெட்டின் சத்தம் எப்படி இருக்கிறது என்று கண்ணகியிடம் போனைக் கோழிகள் பக்கம் நீட்டச் சொல்லிக் கேட்பாராம்.

திருச்சி ரிப்போர்ட் வந்தது. வெள்ளைச்சாமியின் கிருமிக்குக் கொலிஸ்டின் இன்னும் கேட்கும். டாக்டர் நந்தினி அதைச் சொன்னபோது மலர்க்கொடி அழுதார். அத்தனை நாளில் அப்போதுதான் அழுதார்.

காய்ச்சல் மெதுவாக இறங்கியது. ஆனால் டாக்டர் பயந்ததும் நடந்தது. சிறுநீர் குறைந்தது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு ஏறிக்கொண்டே போனது. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது, நிறுத்தவும் முடியாது. ஒருமுறை டயாலிசிஸ் செய்தார்கள். கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி இருந்தன அந்த நாட்கள். கடைசியில் கிருமி போனது. சிறுநீரகமும் பாதி வழி திரும்பி வந்தது, முழுசாக இல்லை.

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு சாயங்காலம் நந்தினி வந்து கட்டில் ஓரமாக நின்றார். வெள்ளைச்சாமி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திய இடம் ஒன்று புண்ணாகியிருந்தது. நர்ஸ் அதில் ஒரு களிம்பு தடவினார். டியூபில் எழுதியிருந்ததை மலர்க்கொடி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"டாக்டரம்மா, இதுல பேசிட்ராசின்னு போட்டிருக்கு. இதுவும் கோழிக்கு வர்றதுதான்."

"ஆமா. இதுலயே இன்னொண்ணும் இருக்கு பாருங்க, பாலிமிக்சின். அது கொலிஸ்டினுக்குக் கூடப்பொறந்த மாதிரி."

"பேசிட்ராசினும் கொலிஸ்டினும் ஒண்ணுதானா அப்ப? எங்க ஷெட்டுல ஒண்ணு செய்யுறதை இன்னொண்ணு செய்யாதுங்களே."

நந்தினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அன்றைக்கு ஓய்வு தேவைப்பட்டிருக்கலாம்.

"ரெண்டும் ஒரே மாதிரி சாமான்ல ஆனதுதான். பருப்புல, முட்டையில எல்லாம் புரதம் இருக்குல்ல, அதோட சின்னத் துண்டு மாதிரி. ரெண்டையும் மனுசன் உண்டாக்கல. மண்ணுல இருக்குற சில கிருமிங்க, பக்கத்துக் கிருமியை அண்டவிடாம இருக்க அதுங்களே சுரக்குது. கொலிஸ்டினை ஜப்பான்ல மண்ணுலேர்ந்து எடுத்தாங்க. பேசிட்ராசின் கதை வேற. அமெரிக்காவுல ட்ரேசின்னு ஒரு சின்னப் பொண்ணு. கால் எலும்பு முறிஞ்சு வெளிய வந்த காயம். அந்தக் காயத்துலேர்ந்து எடுத்த கிருமிதான் இதைச் சுரந்துச்சு. பேசில்லஸ்ங்கறது கிருமியோட பேரு. அதோட அந்தப் பொண்ணு பேரையும் சேத்து பேசிட்ராசின்னு வச்சுட்டாங்க."

"அந்தப் பொண்ணு பொழைச்சுக்கிச்சா?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி. அத்தனை நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"காயம் ஆறிடுச்சுன்னுதான் படிச்சேன்." நந்தினி சிரித்தார். "சில கிருமிக்கு மேல எண்ணெய்ப் பசையா ஒரு தோல் இருக்கும். உங்க உடம்புல இருந்தது அந்த ஜாதி. கொலிஸ்டின் போயி அந்தத் தோல்ல ஒட்டிக் கிழிச்சுடும். எண்ணெய்ப் பாத்திரத்துல சோப்பு போட்டா எண்ணெய் விட்டுப் போகுதுல்ல, அந்த மாதிரி. இன்னும் சில கிருமிக்கு அந்தத் தோல் கெடையாது. வெறும் செவுருதான், நல்ல மொத்தமா இருக்கும். அந்தச் செவுத்தை அது ஓயாம கட்டிக்கிட்டே இருக்கணும். பேசிட்ராசின் அந்த வேலையைத்தான் நிறுத்தும். கல்லு சுமந்துட்டு வர்ற ஆள் ஒருத்தன் இருக்கான்னு வைங்க. அவன் கல்லை எறக்கிட்டு அடுத்த நடைக்குத் திரும்ப முடியாம புடிச்சு வச்சுக்கும்."

வெள்ளைச்சாமி கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தார். "லோடு எறக்குன வண்டியை கேட்லயே நிறுத்திட்டா குவாரியில அடுத்த லோடு ஏறாது. ஆலை தானா நின்னுடும்."

"அதேதான்! இவ்வளவு நல்லா நான் மாணவர்களுக்குக் கூடச் சொன்னதில்ல" என்றார் நந்தினி. "தோல் இருக்குற கிருமிகிட்ட பேசிட்ராசின் உள்ளயே போக முடியாது. தோல் இல்லாத கிருமிகிட்ட கொலிஸ்டினுக்குப் புடிச்சுக்க எடமில்ல. அதனாலதான் ஒண்ணு செய்யுறதை இன்னொண்ணு செய்யாது. களிம்புல ரெண்டு ஜாதிக்கும் ஆகட்டும்னு பேசிட்ராசினையும் பாலிமிக்சினையும் சேத்துடறாங்க."

"அப்ப இவருக்கு ஊசியில ரெண்டும் போட்டிருக்கலாமே?"

"பேசிட்ராசினை இரத்தத்துல ஏத்துனா சிறுநீரகம் போயிடும். முன்ன போட்டுப் பாத்து நிறுத்திட்டாங்க. அதான் தோல் மேல தடவுறதோட சரி. கொலிஸ்டினும் கெடுக்கும், நீங்களே பாத்துட்டீங்க. ஆனா அதை விட்டா ஆள் இல்லைங்கற எடம் வருது. அந்த எடத்துக்காக அதைப் பத்திரமா வச்சிருக்கணும்."

நந்தினி போன பிறகு மலர்க்கொடி கஞ்சித் தம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு கணவரிடம் சொன்னார்: "ஏங்க, இத்தனை வருசமா அந்தப் பொடியை நான் எத்தனை தொட்டி கலந்திருப்பேன். எல்லாத் தடவையும் நோய் வந்தா கலந்தேன்? பாதிக்கு மேல சும்மா, வராம இருக்கட்டும்னு கலந்தது."

"நீயா வேணும்னு கலந்த? குடுத்தாங்க, கலந்த."

"குடுத்தாங்கதான்."

வெள்ளைச்சாமி ஆவணி மாதம் வீடு வந்து சேர்ந்தார். இனிமேல் குவாரி வண்டி ஓட்டக்கூடாது, வெயிலில் வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருடம் ஓட்டின ஸ்டீயரிங்கை விட்டது அவருக்குப் பெரிய வலி. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. சாலையில் டிப்பர் போனால் மட்டும் நின்று பார்ப்பார். கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே புது டிரைவரா பழைய டிரைவரா என்று சொல்லுவார்.

பிரேம் ஒரு நாள் வந்தான். கோழி ஏற்றிப்போன பிறகு ஷெட் காலியாகக் கிடந்தது. உள்ளே உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அடுத்த பேட்ச் உங்களுக்கு இல்லன்னுட்டாங்க. இவ்வளவு கோழி சாவு எங்க ஏரியாவுலயே இல்லையாம். மருந்து குடுத்தும் போடலன்னு நான் எழுதித்தான் ஆகணும். எனக்கும் மேல இருக்காங்க."

"எழுதிக்கப்பா. உண்மையைத்தானே எழுதுற. அந்த டப்பாவுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

பிரேம் தலை குனிந்தான். "தெரியும்க்கா. தடைன்னும் தெரியும்."

மலர்க்கொடி அவனைத் திட்டவில்லை. திட்ட நினைத்திருந்தாராம், அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லையாம். உள்ளே வரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். வெள்ளைச்சாமியின் மருத்துவமனைக் கதையை முழுக்கச் சொன்னார். பிரேம் டீயை ஆறவைத்துவிட்டான். போகும்போது, "எங்கப்பாவுக்கும் கல்லு இருக்குக்கா" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. வேறு ஏரியாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வேலையை விட்டுவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். எது சரி என்று மலர்க்கொடிக்குத் தெரியவில்லை.

ஷெட் மாதக்கணக்கில் காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் மலர்க்கொடி பருத்தி எடுக்கக் கூலிக்குப் போனார். ஜெயங்கொண்டம் பக்கம் கடைகளுக்குக் கோழி கொடுக்கும் ராசாங்கம் என்கிற வியாபாரி யாரோ சொல்லித் தேடி வந்தார். சின்ன அளவில் வளர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குஞ்சு நான் இறக்குறேன். மருந்து விஷயத்துல ஒங்க இஷ்டம். ஆனா எடை வரணும்" என்றார்.

"மருந்து டாக்டர் எழுதிக் குடுத்தாதான் கலப்பேன். பேரு இல்லாத டப்பா ஷெட்டுக்குள்ள வராது. எடை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். சம்மதம்னா சொல்லுங்க."

ராசாங்கம் யோசித்தார். அரைமனதோடுதான் சம்மதித்தார். முதல் பேட்ச்சில் எடை குறைந்தது. அவர் முகம் சுளித்தார். இரண்டாவது பேட்ச்சில் கொஞ்சம் தேறியது. இப்போது பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் மலர்க்கொடி சொல்கிறார். முன்பைவிட வேலை கூட. ஒவ்வொரு பேட்ச் போனதும் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். உமியைத் தினம் கிளறிவிட வேண்டும். அந்த வேலையை வெள்ளைச்சாமி எடுத்துக்கொண்டார். நிழலில் செய்கிற வேலைதானே. குழாய் கழுவுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. லாரி டீசல் குழாயில் அடைப்பு எடுக்கிற மாதிரி ஊதி ஊதிப் பார்ப்பார்.

இந்த வருடம் தை முடிந்து குன்னத்தில் கோழி வளர்ப்பவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அரங்கநாதன் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அவர்தான் மலர்க்கொடியைப் பேசச் சொல்லி வற்புறுத்தினார். மேடை எல்லாம் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மலர்க்கொடி எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னார். முடித்ததும் பின்வரிசையிலிருந்து நல்லுசாமி என்பவர் எழுந்தார். மூன்று ஷெட் வைத்திருப்பவர், கணக்காகப் பேசுபவர்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரருக்குக் கோழிலேர்ந்துதான் வந்துச்சுன்னு டாக்டரே சொல்லலன்னு நீயே சொல்ற. அப்புறம் நாங்க எதுக்கு நஷ்டப்படணும்? நீ ஒருத்தி நிறுத்துனா நாட்டுல நோய் நின்னுடுமா?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். மலர்க்கொடி அவர் பக்கம் திரும்பினார்.

"நிக்காதுங்கண்ணே. எனக்கும் தெரியும். என் ஷெட்டுலேர்ந்து வந்துச்சான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு விதத்துல நிம்மதியா இருந்திருக்கும். தெரியாம இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. அந்த மருந்து அன்னைக்கு இவருக்குக் கேட்டுச்சு. கேக்காம போயிருந்தா டாக்டரம்மாகிட்ட வேற ஒண்ணும் இல்ல. அடுத்து அந்தக் கதவு வாசல்ல உக்கார்றவங்களுக்கும் அது கேக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

நல்லுசாமி உட்கார்ந்துவிட்டார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மண்டபத்தில் பாதிப்பேர் டீ குடிக்க எழுந்தார்கள்.

மறுவாரம் நல்லுசாமியின் ஷெட்டில் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் மலர்க்கொடியின் பண்ணைக்கு வந்தார்கள். தண்ணீர்க்குழாயை எப்படிக் கழற்றுவது, எதை ஊற்றிக் கழுவுவது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாராம். மருந்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வெள்ளைச்சாமி அவர்களுக்கு ஒரு முனையைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மலர்க்கொடி ஷெட் வாசலில் நின்றபடி, "பேசாம இருங்க கொஞ்சம், கேப்போம்" என்று எல்லோரையும் கையமர்த்தினார். உள்ளே நான்கு நாளுக்கு முன் இறங்கிய குஞ்சுகள் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.